நாத்தனாரின் முன் இருக்கை

எங்கள் காரில் முன் இருக்கை என் நாத்தனாருக்கு உரியது. என் கணவரின் அக்கா. எங்கள் கல்யாணத்தில் தாலிக்குக் கடைசி முடிச்சுப் போட்டவர். அந்த ஒரு முடிச்சை வைத்துக்கொண்டு மலேசியாவின் கிள்ளானில் என் வீட்டு அடுப்படி வரை அதிகாரம் செய்தவர். அவர் காரில் ஏறினால் நான் பிள்ளைகளோடு பின்னால் ஒடுங்கிக்கொள்ள வேண்டும்.

பள்ளி விடுமுறையில், நாடே நெடுஞ்சாலையில் வந்து நிற்கிற நேரம் பார்த்து, என் கொழுந்தனுக்கு வடக்கே நாலைந்து மணி நேரத் தொலைவில் இருக்கும் சுங்கைப் பட்டாணியில் கல்யாணம் வைத்தார்கள். மாலை முகூர்த்தம். தம்பி தாலி கட்டும்போது பின்னால் நின்று முடிச்சுப் போட நாத்தனார் இருந்தே ஆக வேண்டும். அங்கே போய் உடை மாற்ற இடம் இருக்குமோ என்னவோ என்று காலையிலேயே மெரூன் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

என் மகளுக்கு ஏழு வயது. கார் வேகம் எடுத்தாலே அவளுக்குக் குமட்டும். முன்னால் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தால் மட்டும் ஓரளவு தாங்குவாள். இளையவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவனுக்கு வாய்தான்.

"அண்ணி, இந்த ஒரு தடவை பாப்பா முன்னாடி உக்காரட்டுமே" என்றேன்.

"சின்னப் புள்ளைக்கு எதுக்கு முன் சீட்டு? எல்லாம் நீ குடுக்கற செல்லம். வெறும் வயித்துல ஏறுனாதான் வாந்தி வரும். மொதல்ல சாப்பிட வைலா."

சொன்னதோடு விடாமல் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து, சம்பல் காரத்தோடு பிசைந்து, மகளுக்கு அவரே ஊட்டினார். தான் ஒரு வாய் சாப்பிடவில்லை. விரதமாம். எங்கே கிளம்பினாலும் அவருக்கு அன்றைக்கு விரதமாக இருக்கும். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். திருஷ்டி போனது. நாத்தனார் காரிலேயே இருந்தார்.

தஞ்சோங் மாலிம் தாண்டியதும் ஜேம். கார்கள் சட்டென்று வேகம் எடுப்பதும் சட்டென்று நிற்பதுமாக இருந்தன. "இன்னும் எவ்ளோ தூரம்?" என்று மகன் கேட்டுக்கொண்டே இருந்தான். நாத்தனார் மூக்கடியில் தைலம் தடவிக்கொண்டு, "இந்தப் பையன் வாய மூட மாட்டானா?" என்றார். என் கணவர் வானொலிச் சத்தத்தைக் கூட்டினார். அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவே எது வந்தாலும் அவர் செய்வது அது ஒன்றுதான்.

"அம்மா, வயிறு..." என்றாள் மகள். நான் பையை எடுப்பதற்குள், சாலை தெரியட்டும் என்று இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் தலையை நீட்டினாள். ஊட்டிய நாசி லெமாக் அத்தனையும் ஊட்டியவர் மடியிலேயே போய் விழுந்தது.

நாத்தனார் திரும்பி மகளின் கையில் பளீரென்று ஒரு அடி வைத்தார். "சனியன்! அம்மா வளத்த லட்சணம்!"

மகள் அழக்கூட இல்லை. வாயைத் துடைக்காமல் என்னைப் பார்த்தாள். என் சுடிதார் துப்பட்டாவாலேயே அவள் வாயைத் துடைத்துவிட்டேன்.

தாப்பா ஓய்விடத்தில் பட்டுப்புடவையை அலசிப் பார்த்தார். கறையும் போகவில்லை, நாற்றமும் போகவில்லை. என் பையில் முகூர்த்தத்துக்கு நான் கட்ட வைத்திருந்த பச்சைப் பட்டு இருந்தது. அது அவருக்கும் தெரியும்.

"எடுத்துக்குங்க அண்ணி. ஆனா இனிமே பாப்பா முன்னாடிதான் உக்காருவா."

என்னைக் கொன்றுவிடுவதுபோல் பார்த்தார். ஆனால் முடிச்சு ஆயிற்றே. புடவையைப் பிடுங்கிக்கொண்டு கழிவறைக்குப் போனார். திரும்பி வந்து பின்னால் ஏறினார்.

ஈப்போ தாண்டி மலைச்சாலை ஏறியதும் நாத்தனாரின் பேச்சு நின்றது. முகம் வெளுத்து, நெற்றி வியர்த்தது. சட்டென்று என் கையிலிருந்த பிளாஸ்டிக் பையைப் பறித்து அதில் முகத்தைப் புதைத்தார். பட்டினி வயிறு. வெறும் தண்ணீர்தான் வந்தது.

"அக்காவுக்குச் சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான்" என்றார் என் கணவர், கண்ணாடியில் பார்த்தபடி. "பின்னாடி உக்காந்தா தாங்காது."

அப்போது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. விரதமும் இதற்குத்தான், தைலமும் இதற்குத்தான். என்னென்னமோ பேசத் தெரிந்தவருக்கு, "எனக்கும் வாந்தி வரும்" என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. தனக்கு இருக்கிற அதே கோளாறுக்காக என் பிள்ளையை அடிக்கக் கை வந்தது. எல்லாம் தெரிந்த இந்த மனிதரோ இத்தனை வருஷம் வானொலி கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். எனக்குப் பாவமாக இல்லை. இன்று வரை இல்லை.

முகூர்த்தத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தோம். மெரூன் ரவிக்கைக்கு என் பச்சைப் புடவையைச் சுற்றிக்கொண்டு நாத்தனார் முடிச்சுப் போட்டார். எல்லோரும் அட்சதை தூவினார்கள். நான் சம்பல் வாடை அடிக்கும் சுடிதாரில் ஓரமாக நின்றேன். பெண் வீட்டு அம்மா ஒருவர் என்னிடம் வந்து, "புள்ளைங்கள பாத்துக்க வந்த ஆளா? போய் மொதல்ல சாப்பிடும்மா" என்றார். பக்கத்தில் நின்ற நாத்தனாருக்கு அது நன்றாகவே கேட்டது. என் புடவையின் முந்தானையைச் சரிசெய்துகொண்டு அப்பால் போய்விட்டார்.

மறுநாள் காலை எங்களை வழியனுப்ப அந்த அம்மா உட்படச் சம்பந்தி வீடே வாசலுக்கு வந்தது. நாத்தனார் ஒன்றுமே நடக்காததுபோல முன் கதவில் கை வைத்தார். மகள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

"அத்தை, நீங்களே முன்னாடி உக்காருங்க. உங்களுக்கும் என்ன மாதிரியே வாந்தி வரும்ல? பாவம். நான் பின்னாடி அம்மாகிட்ட உக்காந்துக்கறேன்."

வாசலில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"யாரு சொன்னா? எனக்கு எதுக்கு வாந்தி வருது?" நாத்தனார் கதவிலிருந்து கையை எடுத்தார். சுற்றிப் போய்ப் பின் இருக்கையில் ஏறி, கதவை அடித்துச் சாத்தினார்.

மகள் என்னிடம் வந்தாள். "நான் தப்பா சொல்லிட்டேனாம்மா?"

"இல்லம்மா. நல்லாத்தான் சொன்ன. போய் முன்னாடி உக்காரு."

கோலகங்சார் தாண்டியதும் ஆரம்பித்தது. "அக்கா, முன்னாடி வரியா?" என்று என் கணவர் கேட்டார். "வேணாம்" என்றார் நாத்தனார். என் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் என் பக்கம் நீட்டினார். ஒரு பையை எடுத்து அந்தக் கையில் வைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் இன்னொன்று.

மகள் கிள்ளான் வரைக்கும் முன்னால் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு தடவைகூட வாந்தி எடுக்கவில்லை.