ஒரு பேப்பர் பாக்கி

அண்ணி கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவருடைய டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் ஒரு தடித்த புத்தகம் இருந்தது. கோயில் நாள்காட்டித் தாளில் அட்டை போட்டிருந்தார். முன்பக்கம் முழுக்க நீல முக்காடு போட்ட மாதா படம். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா அதை ஜெபப் புத்தகம் என்று நினைத்துக்கொண்டாள். பூசை முடிந்து வரும்போது பக்கத்து வீட்டுக்காரிகளிடம், "எம்மருமவ எப்பப் பாத்தாலும் ஜெபப் பொஸ்தகமும் கையுமாத்தான் கீறா" என்று பெருமையாகச் சொல்வாள். அண்ணி மறுத்துச் சொன்னதில்லை. அது இங்கிலாந்து நாட்டின் சமூக வரலாறு என்று எனக்கு மட்டும் காட்டினார்.

அண்ணி அரக்கோணத்துக்காரர். அப்பா ரயில்வேயில் வேலை. சென்னையில் ஹாஸ்டலில் தங்கி பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவர். எங்கள் ஊர் ஒரகடத்துக்கும் சிங்கப்பெருமாள் கோயிலுக்கும் நடுவில். அன்றைக்கு ஏரியும் நெல்வயலும் தவிர வேறொன்றும் கிடையாது. மறைமலை நகர்ப் பக்கம் அப்போதுதான் ஒன்றிரண்டு கம்பெனிகள் வந்திருந்தன. அவற்றில் ஒன்றில் அண்ணன் ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். எனக்கும் அண்ணிக்கும் ஏறக்குறைய ஒரே வயது. எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றுவிட்டவள் நான். ஒரு பெண் பி.ஏ. முடிப்பதற்கு என்னென்ன வேண்டும் என்பதை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே அண்ணிதான் எனக்குச் சொன்னார். முதல் பகுதி தமிழ், இரண்டாம் பகுதி பொது ஆங்கிலம், மூன்றாம் பகுதியில் கவிதை, நாடகம், நாவல், விமர்சனம் என்று இலக்கியப் பாடங்கள். அவற்றோடு துணைப்பாடமாக இங்கிலாந்து வரலாறு. எல்லாவற்றிலும் தேற வேண்டும். ஒன்றில் விட்டாலும் மற்றதெல்லாம் வாங்கிய மார்க்காக இருக்குமே தவிர பட்டம் ஆகாது. அண்ணி எல்லாவற்றிலும் தேறியிருந்தார், அந்த வரலாறு ஒன்றைத் தவிர.

"ஒரே ஒரு பேப்பர்தானே" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கல்யாணம் பேசும்போது அண்ணியின் அப்பா சொன்னார், அண்ணன் சொன்னார், பங்குச் சாமியார்கூடச் சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் அண்ணி தலையாட்டுவார். ஆனால் தேர்வு வருடத்துக்கு இரண்டு முறைதான். கல்யாணமான முதல் ஏப்ரலில் அறுவடை. அக்டோபரில் மசக்கை, எழுந்து உட்கார முடியவில்லை. அதற்கடுத்த முறை நிறைமாதம். ஆண் குழந்தை பிறந்தது.

குழந்தை பிறந்த கொஞ்ச நாளில் இரண்டு சங்கதிகள் சேர்ந்தாற்போல் வந்தன. அண்ணன் வேலை பார்த்த கம்பெனியில் தகராறு முற்றிக் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். அண்ணன் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு போய், பூட்டிய கேட்டுக்கு எதிரில் மற்றவர்களோடு உட்கார்ந்துவிட்டு வருவார். இன்னொன்று, பாடத்திட்டம் மாறுகிறது என்ற செய்தி. பழைய பாடத்தில் பாக்கி வைத்திருப்பவர்களுக்கு வருகிற தேர்வே கடைசி. அப்போது கான்வென்ட் பள்ளியில் ஆங்கில டீச்சர் இடம் ஒன்று காலியாக இருந்தது. அண்ணி போய்க் கேட்டதற்கு அங்கிருந்த மதர், "பட்டம் மட்டும் வரட்டும்மா, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்" என்றாராம். அந்த வேலை கிடைத்தால் வீடு நிமிர்ந்துவிடும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்த மாதங்களில் அண்ணி படித்த மாதிரி நான் யாரும் படித்துப் பார்த்ததில்லை. கிணற்றில் நீர் இறைக்கும்போதும் குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதும் உதடு அசைந்துகொண்டே இருக்கும். அந்த ராஜாக்களும் பாராளுமன்றமும் கொள்ளைநோயும் எனக்கே பாதி மனப்பாடம் ஆகிவிட்டன. செம்மறி ஆடு வளர்ப்பதற்காகப் பொது நிலத்தைச் சுற்றி வேலி போட்டு உழவர்களை வெளியேற்றினார்கள் என்று ஒரு பாடம் வரும். அதை மட்டும் அண்ணி கதை போலச் சொல்வார். "இது கண்டிப்பா வரும் பாரேன்" என்பார். பின்னாளில் வல்லம் வடகால் பக்கம் கம்பெனிகளுக்காக வயல்களைச் சுற்றிக் கல் நட்டுக் கம்பி இழுத்தபோது எனக்கு அந்தப் பாடம்தான் நினைவுக்கு வந்தது.

தேர்வுக்கு முந்தின சாயங்காலம் குழந்தைக்கு உடம்பு சுட்டது. டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்தார்கள். விடிந்தபோது சூடு தணிந்திருந்தது. அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "ஜுரம் வுட்டும் வுடாம கீற புள்ளயத் தூக்கிகினு எங்கடி போறே? பரிச்ச ஓடியா பூடும்?"

"ஓடிப் போயிடும் அத்தை. இதுதான் கடைசி" என்றார் அண்ணி.

குழந்தை புட்டிப்பால் குடிக்காது. விட்டுவிட்டுப் போக வழியில்லை. அண்ணன்தான் முடிவாக, "தங்கச்சி கூடப் போவட்டும். எயுதிட்டு வரட்டும்மா" என்றார். இரண்டு பஸ் மாறி செங்கல்பட்டுக்குப் போனோம். தேர்வு நடந்த கல்லூரியில் குழந்தைக்குப் பால் கொடுத்து என் மடியில் கிடத்திவிட்டு அண்ணி உள்ளே போனார். வாசற்படியில் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தான்.

பாதி நேரம் போயிருக்கும். மடி அனலாகக் கொதிப்பதை உணர்ந்து குனிந்து பார்த்தேன். குழந்தையின் கண் மேலே செருகியிருந்தது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. நான் போட்ட கூச்சலில் வாட்ச்மேன் ஓடிவந்தார். பார்த்தவுடனே அவரே உள்ளே ஓடினார். ஜன்னல் வழியாக எனக்கு ஹால் தெரிந்தது. அண்ணி எழுந்து நின்றார். மேற்பார்வை பார்த்தவர் கிட்டே வந்து, "யோசிச்சுக்கோம்மா. வெளிய போனா திரும்ப உள்ள விட எனக்கு அதிகாரம் இல்ல" என்றார். கெட்ட மனிதர் அல்ல.

"தெரியும் சார்" என்றார் அண்ணி. மூடாத பேனாவைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்தார்.

குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். ஆஸ்பத்திரி தூரமில்லை. நாங்கள் போய்ச் சேரும்போதே இழுப்பு நின்றுவிட்டிருந்தது. டாக்டர் தொட்டுப் பார்த்து மருந்து கொடுத்துவிட்டு, "ஜுர வலிப்பும்மா. பல குழந்தைங்களுக்கு வர்றதுதான். தானா நின்னுடும். பயப்படாதீங்க, ஈரத்துணி போட்டுத் துடைங்க" என்றார். பயத்தைப் போக்கத்தான் அப்படிச் சொன்னார். அண்ணி பெஞ்சில் உட்கார்ந்து குழந்தையைத் துடைத்தார். குழந்தை சிணுங்கி அழுதான். அவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டே எதிர்ச் சுவரைப் பார்த்தார். அங்கே ஒரு கடிகாரம் இருந்தது. தேர்வு முடிய இன்னும் நேரம் இருந்தது. அந்த நேரம் முழுவதும் அண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய முள் உச்சிக்கு வந்ததும், "போலாம்" என்றார். பஸ்ஸில் ஒரே ஒரு வார்த்தை பேசினார். "அந்த வேலி கேள்வி வந்திருந்துது."

தேர்வு முடிவு வந்தபோது சில மார்க்கில் போயிருந்தது. அண்ணன், "போனாப் போவுது வுடு" என்றார். அம்மா, "புள்ள பொயச்சிதே, அது போதும்" என்றாள். இரண்டும் நல்ல மனதோடு சொன்ன வார்த்தைகள். பிள்ளை பிழைத்ததே என்ற சொல்லுக்கு எதிராக எந்தத் தாயும் வாய் திறக்க முடியாது. அதனால் அண்ணியால் வீட்டில் ஒரு நாள்கூட உட்கார்ந்து அழ முடியவில்லை. கான்வென்ட்டுக்கு வேறொரு பெண் வந்துவிட்டாள். அண்ணி புத்தகத்தைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டார். மறு வருடம் மாத்திரை பேக் செய்யும் கம்பெனி ஒன்றில் நாங்கள் இருவரும் வேலைக்குப் போய் நின்றோம். சூப்பர்வைசர் என்ன படிப்பு என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். நான் சொன்னேன். அடுத்து நின்ற அண்ணியும், "எஸ்.எஸ்.எல்.சி." என்றார்.

கைக்குழந்தை வளர்ந்து இன்ஜினியராகி இருங்காட்டுக்கோட்டையில் வேலைக்குச் சேர்ந்தான். அம்மா மேல் உயிரானவன், கேலி பேசுவதும் அதே அளவு. அவனுக்குக் கல்யாண ஒப்பந்தம் பேச வந்த பெண் வீட்டார் அண்ணி என்ன படித்திருக்கிறார் என்று கேட்டபோது அவன் முந்திக்கொண்டு சிரித்தான். "எங்கம்மா பி.ஏ. இங்கிலீஷ் லிட்ரேச்சருங்க. ஒரே பேப்பர்ல கோட்டை வுட்டுட்டாங்க. பரிச்ச ஹால்லேர்ந்து பாதியில எயுந்து ஓடியாந்துட்டாங்களாம்!" எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்து, "ஆமா, ஹிஸ்டரின்னா எனக்கு பயம்" என்றார். அண்ணன் இறந்து அப்போது சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அம்மாவும் இல்லை. நடந்தது தெரிந்தவள் வீட்டில் நான் ஒருத்திதான் மிச்சம்.

சமையல்கட்டில் நான் பொறுக்க முடியாமல் கேட்டேன். "அவங்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணி?"

"இன்னான்னு சொல்றது, உன்னாலதான்னா?" என்றார். சென்னை ஹாஸ்டலில் இருந்து வந்தவருடைய பேச்சு எங்கள் பேச்சாகவே மாறி வெகுகாலம் ஆகியிருந்தது. "கைக்கொயந்தைக்கு ஜுரம் வந்தது அதோட தப்பா? சொன்னா காலத்துக்கும் அத நெனச்சிகினு கெடப்பான். நீ சொன்னேன்னு வெச்சிக்கோ, உன்னோட பேசவே மாட்டேன்." பிறகு காபித் தட்டை என் கையில் கொடுத்து, "ஆறிடும், எடுத்துகினு போ" என்றார்.

போன மழைக்காலத்தில் அண்ணியை அடக்கம் செய்தோம். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு அந்தப்பக்கம் இப்போது கம்பெனி. ஷிப்ட் விடும் சங்கு ஊதி ஓயும்வரை சாமியார் ஜெபத்தை நிறுத்திவைத்தார். பிறகு இறந்தவரைப் பற்றி மகன் இரண்டு வார்த்தை பேசலாம் என்றார். அவன் அழுதுகொண்டே பேசினான். அம்மா சுத்த பயந்தாங்கொள்ளி, பரீட்சைக்குக்கூடப் பயந்து எழுந்து வந்தவங்க, தனியா எப்படிப் போவாங்க என்றான். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றேன். அவன் என்னைப் பிடித்துக் குழியருகே கூட்டிப் போய், "போடு அத்தை" என்றான். மண் ஈரமாக இருந்தது. கையில் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது. இரண்டு முறை உதறிப் போட்டேன்.