மால்டா போக ஓர் ஆயா

பிறத்தியார் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் கையும் காலும் அப்புறம்; காதுதான் முதல். இருட்டிய பிறகு வருகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் நாம்தான் பொறுப்பு. என்னைப் போல் ஆயாவாக இருக்கும் சகோதரிகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

நான் கான்வென்டில் படித்தவள். ரப்பர் விலை விழுந்து ரயில்வேயில் ஆட்குறைப்பு வந்தபோது என் வீட்டுக்காரரின் கிளார்க் வேலை போயிற்று. பிரிக்ஃபீல்ட்ஸில் அவருடைய அக்கா ஞானம்மா வீட்டுப் பின்னறையில் ஒண்டிக்கொண்டோம். ஆறு மாத மகள் ரீட்டாவைப் பகலெல்லாம் அந்த அண்ணியிடம் விட்டுவிட்டு, கிள்ளான் சாலையில் ஒரு வெள்ளைக்கார ரப்பர் தோட்டத் துரையின் மூன்று வயதுப் பையனுக்கு ஆயாவாகப் போனேன்.

புஸ்

அன்றைக்கு இருட்டி அரைமணி இருக்கும். பையன் அப்போதுதான் கண்ணசந்தான். வராந்தாவில் 'புஸ்' என்று ஒரு சத்தம். நின்றது. மறுபடியும் நீளமாகப் 'புஸ்'. நாகம் என்றே நினைத்தேன். பையனை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, "ஸ்நேக்! ஸ்நேக்!" என்று கத்தியபடி வெளியே ஓடினேன்.

வராந்தாவில் துரை கன்னம் உப்ப ஒரு ரப்பர் வளையத்தில் வாய் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிவப்பு. பக்கத்தில் துரைசானி சிரித்துச் சிரித்து நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். விடுமுறைக்கு மால்டா தீவுக்குப் போகிறார்களாம். கடலில் மிதக்க வளையமாம். நான் இங்கிலீஷில் கேட்டாலும் துரை தோட்டத் தமிழில்தான் பதில் சொல்வார். அப்படித்தான் நானும் போகிறேன் என்பது எனக்குத் தெரியவந்தது. "உனக்கு வளையம் வேணாம் ஆயா, நீ பையனெ புடிச்சிக்கிட்டுக் கரையிலெ நிப்பே."

ஆட்டுப்பால்

வீட்டில் போய்ச் சொன்னால், என் வீட்டுக்காரருக்கு முன்பே தெரிந்திருந்தது. நான் கப்பலேறினால் அவருக்குத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி உத்தியோகம் என்று துரை கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "ஆறு மாசம், கண்ணை மூடித் திறந்தா ஓடிடும்" என்றார். நானும் நம்பினேன். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. கான்வென்டில் பூகோளப் படத்தில் மால்டாவைப் பார்த்திருக்கிறேன். மத்தியதரைக் கடலில் யாரோ பேனாவை உதறியதுபோல் ஒரு புள்ளி.

துரைசானிக்கும் அதுதான் முதல் தீவு விடுமுறை, முதல் உல்லாசப் பயணம். என் கையெழுத்து அழகாக இருக்கிறதென்று ஹோட்டலுக்கு எல்லாக் கடிதங்களையும் என்னையே எழுதவைத்தாள். ஜன்னல் கடலைப் பார்க்க வேண்டும். கொசுவலை வேண்டும். மால்டாவில் ஆட்டுப்பால் குடித்தால் விடாத காய்ச்சல் வருமாம். அதனால் பையனுக்கு இங்கிருந்தே டின் பால் மூன்று பெட்டி. "இரண்டு பெட்டி போதாதா, மேடம்?" என்று கேட்டுத் தொலைத்தேன். அவள் பேனா முனையைப் பார்த்தபடியே சொன்னாள்: "பழக்கமில்லாத பால் ஒரு குழந்தைக்கு எவ்வளவு ஆபத்து என்று, ஒரு தாயான உனக்குத் தெரியாதா?"

வேப்பிலை

என் மகள் பகலில் கஞ்சித் தண்ணீர் குடிப்பாள். இரவில் நான் வந்தால்தான் அவளுக்குச் சாப்பாடு. கப்பலுக்கு மூன்று வாரம் இருக்கையில், "இப்பவே பால் மறக்கடிச்சாத்தான் ஆச்சு" என்று அண்ணி கோயில் பக்கம் போய் வேப்பிலை பறித்துவந்து அம்மியில் அரைத்தாள். என் மார்பில் அவளே பூசிவிட்டாள்.

ரீட்டா வாயை வைத்தாள். முகம் கோணியது. துப்பினாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள்; கோபமில்லை, இது நீதானா என்று சரிபார்க்கிற பார்வை. பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மறுபடியும் வாய் வைத்து, கசப்போடு சேர்த்துக் குடித்து முடித்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி வேப்பிலை விழுதுக் கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். "ஒம் மகளுக்குக் கசப்பு பழகிப்போச்சுடி ஸ்டெல்லா. நாளைக்கு இன்னும் கொஞ்சம் கெட்டியாப் பூசு."

டிங்கர்

டிங்கர் என்பது பங்களா நாய். அதைக் கூட்டிப்போக முடியாது என்றானதும் துரைசானி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தோட்டக்காரனைக் கூப்பிட்டு, அதன் தலைமாட்டில் தன் பழைய சட்டை ஒன்றைத் தினமும் போட்டுவைக்கச் சொன்னாள். வாசனை இருந்தால் ஏங்காதாம்.

இதுதான் சமயம் என்று, "என் குழந்தைக்கும் இன்னும் ஒரு வயது ஆகவில்லை, மேடம்" என்றேன். அவள் கெட்டவள் இல்லை. என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "குழந்தைகள் மறந்துவிடும், ஆயா. நாய்கள்தான் பாவம்."

ஒரு வரி

கப்பல் டிக்கெட்டுக்கான கடிதத்தை மட்டும் துரை தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தார். டிரைவர் மாரியப்பண்ணனோடு அதைக் கொண்டுபோய்க் கிள்ளானில் கப்பல் ஏஜெண்டு ஆபீசில் கொடுத்தேன். கவுண்டரில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பெயர்களைச் சரிபார்க்க வாய்விட்டு வாசித்தார். "துரை, துரைசானி, போய் வர. பெடியன், போக மட்டும். ஆயா, போக மட்டும்."

தப்பாக எழுதியிருக்கிறது என்றேன். அவர் கடிதத்தைத் திருப்பிக் காட்டினார். பையனை இங்கிலாந்தில் பாட்டியிடம் விடப்போகிறார்களாம்; அவனைக் கூட்டிப்போக ஒரு வெள்ளைக்காரத் தாதி மால்டாவுக்கே வந்துவிடுவாளாம். அதன்பிறகு ஆயா எதற்கு? "அங்கயிருந்து குழந்தையோட இஞ்சால வாற வேற துரைசானி ஆரும் அம்பிட்டால், அவவோட திரும்பி வரலாம். எல்லா ஆயாமாரும் அப்பிடித்தான், பிள்ளை."

"அப்படி யாரும் வராவிட்டால்?"

அவர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். முத்திரையைத் தேடினார். கிடைத்தும் குத்தாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். "நல்ல தீவெண்டுதான் எல்லாரும் சொல்லுகினம்."

கான்வென்ட் படிப்பு

அன்றைக்கே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கத்தவில்லை, அழவில்லை, கன்னியாஸ்திரிகள் பழக்கிய மாதிரி வரிசையாகச் சொன்னேன். அவர் புதுச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார், கிராணி வேலைக்காக. நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார். அவருக்கு இதுவும் முன்பே தெரியுமோ என்று அந்த நிமிஷம்தான் பயம் பிடித்தது; இன்றுவரை விடவில்லை. "இங்கிலீஷ் தெரிஞ்சவ, அங்க நாலு துரைசானிக்கு லெட்டர் எழுதிப் போட்டா எவளாச்சும் கூட்டிட்டு வர மாட்டாளா?"

பயண நாள்

இன்று காலை ஏழு மணிக்குக் கார் வந்தது. முன்னால் துரை, பின்னால் துரைசானி வெள்ளைத் தொப்பியோடு. பையன் ரப்பர் வளையத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எனக்குக் கையாட்டினான். அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவனுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் வெளியே போனார். "குழந்தையைக் குடு, அது முழிக்கிறதுக்குள்ள கிளம்பு" என்று அண்ணி கை நீட்டினாள். கடைசியாக ஒரு தரம் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன். அதற்கு யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? ரீட்டாவை எடுத்துக்கொண்டு பின்னறைக்குள் போனேன். கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகியிருந்தது. விரல் தோல் உரிய உரிய அழுத்தினேன். மூன்றாவது தடவை விழுந்தது.

முதலில் கெஞ்சினார்கள், பிறகு திட்டினார்கள், பிறகு அவர் கதவை உதைத்தார். ரீட்டா ஒரு முறை திடுக்கிட்டுவிட்டுக் குடிப்பதைத் தொடர்ந்தாள். துரையும் துரைசானியும் காரிலிருந்து இறங்கவே இல்லை. கடைசியில் ஜன்னல் பக்கம் மாரியப்பண்ணன் குரல் மட்டும், யாருக்கும் கேட்காதபடி மெதுவாக: "நான் வண்டிய எடுக்குறேன் தங்கச்சி. பெட்டிய எறக்கலாமான்னு கேட்டேன், டைம் இல்லேன்னுட்டாங்க."

இப்போது இரவு. என் சேலைகள் கப்பலில் போய்க்கொண்டிருக்கின்றன. அவருக்குக் கிராணி வேலை இல்லை, எனக்கு ஆயா வேலை இல்லை, கதவுக்கு வெளியே அவர் தூங்காமல் புரள்வது கேட்கிறது. நான் இன்னும் திறக்கவில்லை. ஒரு தீவுக்கு முதல் விடுமுறை போகத் திட்டமிடும் சகோதரிகளுக்கு என் அனுபவத்தில் சொல்ல ஒன்றே ஒன்றுதான் உண்டு: ஹோட்டலில் ஜன்னல் கடலைப் பார்த்திருக்கிறதா என்று விசாரிக்கும் முன், வீட்டில் தாழ்ப்பாள் விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.