சாத்தானுக்குக் கிடைத்த நீலப் புடவை

லிடியாவுக்கு ஜெபராணியைக் கண்டால் வயிறு எரியும். இதைப் பூசி மெழுகிப் பிரயோசனம் இல்லை. ஆரணிக் கோயில் பங்கில் பாதிப் பேருக்குத் தெரிந்த சங்கதி. ஜெபராணி ஒருத்திக்குத்தான் தெரியாது என்று லிடியா நினைத்துக்கொண்டிருந்தாள்.

லிடியா லேசுப்பட்டவள் இல்லை. நெசவுக்காரர் மகள். எட்டு வயதில் பள்ளி மைதானத்தில் பல்டி அடித்துக்கொண்டிருந்தவளை ஒரு கோச் பார்த்துச் சென்னை விளையாட்டு விடுதியில் சேர்த்துவிட்டார். பதினாறு வருஷம் ஜிம்னாஸ்டிக்ஸைத் தவிர வேறொன்றும் அவளுக்குத் தெரியாது. தேசியப் போட்டியில் ஒரு வெண்கலம் வாங்கினாள். இருபத்து நான்கு வயதில் வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன் செய்த டாக்டர், நடக்கலாம், ஓடலாம், போட்டியை மட்டும் மறந்துவிடு என்றார். ஊருக்கு வந்து ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர் ஆனாள், ரெஜியைக் கட்டிக்கொண்டாள். மெடலை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை என்பாள். அலமாரி இரண்டாம் தட்டில், கல்யாண ஆல்பத்துக்கு அடியில் இருந்தது.

அவளை மேடைக்கு இழுத்தவர் பெரியநாயகம் சார். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், நாடகக் குழு நடத்துகிறவர். வருஷம் பூராவும் டெங்கு, குடி, ஹெல்மெட் என்று விழிப்புணர்வு நாடகம். தவக்காலம் வந்துவிட்டால் யேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகம். போளூர், பெரணமல்லூர் என்று வாரம் ஓர் ஊர் போய்விட்டு, பெரிய வெள்ளியன்று சொந்த ஊர்க் கோயில் மைதானத்தில் வந்து முடிப்பார்கள். போட்டிக்கு ஆகாத முழங்கால் சாத்தானுக்குப் போதும் என்று அவர் கண்டுபிடித்தார். யேசுவை வனாந்தரத்தில் சோதிக்க வரும் சாத்தான், மேடையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மூன்று பல்டியில் வந்து நிற்கும். ஜனம் விசில் அடிக்கும். சின்னப் பிள்ளைகள் அழும். ஒன்பது வருஷமாக லிடியா சாத்தான்.

விசில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் விசில் அடித்த வாய், அரை மணி நேரம் கழித்து ஜெபராணி வந்ததும் மூடிக்கொள்ளும். அதுதான் கொடுமை.

ஜெபராணி மாதா வேஷம். அவளும் நெசவுக்காரிதான், நாற்பதைத் தாண்டியவள், நாளெல்லாம் தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விரிந்த உடம்பு. அவள் பல்டி அடிப்பதில்லை, அலறுவதில்லை, மேடையில் பத்தடிகூட நடப்பதில்லை. தானே நெய்த, ஜரிகையில்லாத நீலப் பட்டைக் கட்டிக்கொண்டு சிலுவைக்குக் கீழே சும்மா நிற்பாள். மைதானமே அழும். நாடகம் முடிந்ததும் பெண்கள் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று, வேஷத்தைக் கலைப்பதற்குள் அவள் கையில் கொடுத்து வாங்கிப் போவார்கள். அது அந்தப் பங்கின் பழக்கம். சாத்தான் கையில் யார் பிள்ளையைக் கொடுப்பார்கள்? லிடியா ஓரத்தில் நின்று முகத்துக் கரியைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

வேண்டாத பெண்டாட்டி கைபட்டாலும் குற்றம், கால்பட்டாலும் குற்றம் என்பார்களே, அந்த மாதிரி ஆகிவிட்டது. ஜெபராணி ஒருசந்தி என்று பட்டினி இருந்தால் வேஷம் போடுகிறாள், சிரித்துப் பேசினால் பசப்புகிறாள். நின்றதற்கு அழுகிறார்களாம், நிற்பது ஒரு வித்தையா, அப்படியானால் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற அத்தனை பேரும் மாதாதானே என்று ரெஜியிடம் பொரிந்து தள்ளுவாள். நாலு அங்குலப் பலகை மேல் ஒற்றைக் காலில் நின்றவள் நான் என்பாள். ரெஜி வாயைத் திறக்காமல் சாப்பிடுவான்.

இந்த வருஷத் தவக்காலத்தில் அவள் ஒரு காரியம் செய்தாள். குகை மாதிரிக் கட்டிய மாதா கெபிக்குப் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். பெரிதாக ஒன்றும் வேண்டாம் மாதாவே, அவளுக்கு ஒரு சளி பிடித்தால் போதும், ஒரே ஒரு தரம் எனக்கு உன் வேஷம் கிடைக்கட்டும் என்று கேட்டாள். மாதாவிடமே போய் மாதாவைக் கவிழ்க்கச் சொல்லுகிறோமே என்ற கூச்சம் இருந்தது. இருந்தும் கேட்டாள்.

புனித வாரம் செவ்வாய்க்கிழமை ஜெபராணிக்குத் தொண்டை கட்டியது. புதன்கிழமை பேச்சு சுத்தமாக நின்றுபோனது. மாதாவின் வசனம் முழுக்கத் தெரிந்த இன்னொரு ஆள் லிடியாதான். பெரியநாயகம் சார் வேறு வழியில்லாமல் அவளைக் கூப்பிட்டார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஜெபராணியே நீலப் புடவையை மடித்துக் கொண்டுவந்து கையில் கொடுத்து, குரலில்லாத வாயால் எதையோ சொல்லிச் சிரித்தாள். லிடியாவுக்குக் குற்ற உணர்ச்சி வந்தது. புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடி பார்த்ததும் போய்விட்டது.

சும்மா நிற்பதா? அவள் என்ன ஜெபராணியா? மகன் உயிர் போகும் நேரத்தில் மாதா மயங்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. ஜெபராணி அதில் அப்படியே மண்டியிட்டு உட்காருவாள், அவ்வளவுதான். லிடியா வேறு கணக்குப் போட்டாள். கல்வாரி மலை என்று பலகை அடித்துச் சாக்கு போர்த்திய மூன்றடி மேடு இருக்கிறது. அதன் மேலிருந்து பின்பக்கமாக, கட்டை மாதிரி விழ வேண்டும். மாவட்டத்தில் எவளால் முடியும்? அன்று ராத்திரி முழுக்க வீட்டில் மெத்தை போட்டுப் பழகினாள். மறுநாள் ஒத்திகையில் செய்து காட்டியபோது பெரியநாயகம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"மாதா விழுந்தா போதும்மா. பறக்க வாணாம்."

சரிங்க சார் என்று தலையாட்டினாள். தலைதான் ஆடியது.

பெரிய வெள்ளி, பொழுது சாயும் நேரம். மைதானம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஜெபராணி. லிடியாவுக்குப் பதில் ரெஜி சாத்தானாக நடந்தே வந்ததில், இந்த வருஷம் பேய்க்கு மூட்டு வலியா என்று ஒரு குரல் கேட்டது. மற்றபடி நன்றாகப் போனது. சிலுவையில் யேசுவாக இருந்த கிளமெண்ட் தலையைத் தொங்கப் போட்டான். லிடியா "மகனே" என்று கத்தி, மேட்டின் விளிம்பிலிருந்து பின்னால் சாய்ந்தாள்.

என்ன விழுகை அது! தோள் முதலில், பிறகு முதுகு, சத்தமே இல்லை. மைதானம் மூச்சை இழுத்துப் பிடித்தது. நாலைந்து பெண்கள் ஐயோ என்றார்கள். லிடியா காதில் அது தேனாக விழுந்தது. அப்புறம் எழுந்தாள்.

எழுந்ததுதான் வினை. குதித்து இறங்கிய உடம்புக்குப் பதினாறு வருஷப் பாடம் ஒன்று உண்டு. குதிகால் இரண்டும் ஒட்டின. நெஞ்சு நிமிர்ந்தது, முகவாய் ஏறியது. இரண்டு கைகளும் காதை ஒட்டி விறைப்பாக மேலே போயின. உதட்டில் சிரிப்பு வந்து உட்கார்ந்தது. கண், ஜட்ஜுகள் உட்காரும் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தது. அங்கே கீபோர்டுக்காரர் வாயைப் பிளந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகன் செத்துத் தொங்குகிறான், தாய் மார்க்குக்காகக் காத்திருக்கிறாள். செத்துப்போன யேசு ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். லிடியாவுக்குத் தன் கைகள் மேலே நிற்பது உறைத்தது. கையை இறக்கினால் தப்பு, இறக்காவிட்டாலும் தப்பு.

அப்போது ஜெபராணி எழுந்து நின்றாள். தலையைக் குனிந்துகொண்டு, இரண்டு கைகளையும் மெதுவாக மேலே தூக்கினாள். பன்னிரண்டு வருஷ மாதா எழுந்து கை தூக்குகிறாள் என்றதும் பக்கத்துப் பெண்கள் எழுந்தார்கள், கை தூக்கினார்கள். பின்வரிசை எழுந்தது. சிரித்தவளும் எழுந்தாள். ஒரு நிமிஷத்தில் மைதானம் முழுக்கக் கைகள். தாய் தன் பிள்ளையை வானத்துக்கு ஒப்புக்கொடுக்கிறாள் என்று ஜனம் எடுத்துக்கொண்டது. லிடியாவுக்கு அவமானத்தில் கண்ணீர் கொட்டியது. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. மைதானமே அழுதது.

குழந்தைகள் வரிசையாக வந்தன. பதினோரு பிள்ளைகளைக் கையில் வாங்கினாள். ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்தது, ஒன்றும் இனிக்கவில்லை. பெரியநாயகம் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டே, இனிமேல் மாதா அவள்தான், அந்தக் கை தூக்கல் ஒவ்வொரு வருஷமும் வேண்டும், ஜெபராணிக்கு மதலேன் மரியாள் வேஷத்தைக் கொடுத்துவிடலாம் என்றார். லிடியாவுக்கு இப்போதும் எரிந்தது. என்னைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று அன்றைக்கும் அவள்தானே ஜெயித்தாள், அதுவும் நாற்காலிக்கு முன்னால் நின்று!

ஈஸ்டருக்கு மறுநாள் புடவையை எடுத்துக்கொண்டு ஜெபராணி வீட்டுக்குப் போனாள். ஜெபராணி தறியில் இருந்தாள். குரல் பாதி திரும்பியிருந்தது. சாரின் முடிவு அவளுக்கும் தெரிந்திருந்தது. லிடியா சுற்றி வளைக்கவில்லை.

"அன்னைக்கு ஏன்க்கா எழுந்து நின்னீங்க?"

"நீ பின்னால சாஞ்சப்பவே தெரியும், எழுந்தா கைய தூக்குவேன்னு," என்றாள் ஜெபராணி, நூலைப் பார்த்தபடி. "ஒம்போது வருஷமா சாத்தான் குதிச்சிட்டு திரைக்குப் பின்னால வந்து, சுவத்தைப் பாத்து கைய தூக்கிகினு சிரிக்குது. உனக்கு தெரியாதா?"

லிடியாவுக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அதை எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டாள்.

"பொறாமைதான், வேற இன்னா. நீ குதிச்சா ஜனம் விசில் அடிக்குது. எனக்கு ஒருத்தன் அடிச்சிருப்பானா? நீ குதிக்கறப்ப திரை ஓட்டையில கண்ண வெச்சி பாத்துகினே நிப்பேன், நீ உள்ள வந்தாலும் உன்னையேதான் பாப்பேன். வயிறு எரியறவ நல்லா பாப்பா லிடியா."

ஒன்பது வருஷம் லிடியாவுக்கும்தான் எரிந்தது. அவள் எதைப் பார்த்தாள்? அழுகிற முகங்களைப் பார்த்தாள், வரிசையில் வந்த பிள்ளைகளை எண்ணினாள். சிலுவைக்குக் கீழே நிற்கும்போது ஜெபராணி கையை எங்கே வைத்துக்கொள்வாள்? யோசித்துப் பார்த்தாள். மார்பிலா, வயிற்றிலா, தொங்கவிட்டா? ஞாபகத்தில் ஒன்றும் வரவில்லை. ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. பொறாமைப்படுவதில்கூட ஜெபராணிதான் முதல்.

புடவையைத் தறிப் பலகையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். பெரியநாயகம் சாருக்கு போன் போட்டு, மாதா ஜெபராணி அக்காவே இருக்கட்டும், சாத்தானை ரெஜிக்குக் கொடுத்து மானத்தை வாங்காதீர்கள் என்றாள். அவர் காரணம் கேட்டார். சொல்லாமல் வைத்துவிட்டாள். அந்தத் திரையில் ஓட்டை எந்தப் பக்கம் இருக்கிறது, சாத்தான் உயரத்துக்கு எட்டுமா என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.