மொரான் சத்தத்துக்கு வெளியில ஓடுறது

பிளேன் துடைக்கிற தொழிலில முழங்கால்தான் தேயும். மொப் பிடிச்ச சகபாடிகளே, இதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சுவிஸில ஊஸ்டரில இருந்து ரயிலேறி, பழைய போர்விமானங்கள் நிக்கிற மியூசியத்துக்குத் துடைக்கப் போறன்.

ஜாக்கெட் கொளுவுற இறக்கை

அங்க என்ர செல்லம் மொரான் எண்ட பிளேன். ரெண்டாம் உலகப் போர்க்காலத்தில சுவிஸ் எல்லையைக் காவல் காத்தது, வேவு பாத்தது, பிறகு புதுப் பைலட்டுகளுக்குப் பறக்கப் பழக்கினது. எந்த வேலை குடுத்தாலும் செய்திருக்கு, பாவம். பேரெல்லாம் பக்கத்தில நிக்கிற ஜெர்மன் பிளேனுக்குத்தான். சனம் அதோட படமெடுக்கேக்க ஜாக்கெட்டைக் கழட்டி மொரானின்ர இறக்கையில போடும். ஒருநாள் நான் சண்டைக்கே போயிட்டன். எங்கட பழைய மெக்கானிக் வெர்னர் என்னை இழுத்துக்கொண்டு வந்தார்.

"விடு, வேலை செய்யிற ஆக்களை ஆர் படமெடுக்கிறது?"

ஆயுதபூசை

ஆயுதபூசைக்கு வீட்டில வாளி, மொப், கார் எல்லாத்துக்கும் சந்தனம் வைச்சம். மிச்சத்தைக் கொண்டுபோய் மொரானின்ர மூக்கிலயும் ஒரு பொட்டு வைச்சிட்டன். கண்காட்சிப் பொருளில கறை எண்டு எங்கட மேலதிகாரி செஃப் அம்மா குதிச்சா. வேலை துலைஞ்சுது எண்டே நினைச்சன். துடைக்கத் துணியோட வந்த வெர்னர் துணியை மடிச்சுப் பைக்குள்ள வைச்சார்.

"இதுக்கு ஒருத்தரும் ஒரு பதக்கம் குத்தேல்லை, பின்னேரம் வரைக்கும் கிடக்கட்டும்."

இன்டர்லாக்கன் கிழவர்

இன்டர்லாக்கன் பக்கத்துக் கிழவர் ஒருத்தர் தொப்பியைக் கழட்டிக்கொண்டு மொரானுக்கு முன்னால நிண்டார். போர்க்காலத்தில சின்னப்பிள்ளையாம். மொரானின்ர சத்தம் கேட்டா வீட்டில எல்லாரும் வெளியில ஓடிவந்து கை காட்டுவினமாம். நாங்கள் யாழ்ப்பாணத்தில பொம்பர் சத்தத்துக்குப் பங்கருக்குள்ள ஓடின ஆக்கள். எனக்குப் பொறாமையில அழுகையே வந்திட்டுது. சாகமுதல் ஒருக்காவாவது ஒரு பிளேன் சத்தத்துக்கு வெளியில ஓடவேணும், மனிசியையும் கூட்டிக்கொண்டு. ராணி இப்பவும் பிளேன் போனா யன்னலைச் சாத்துவா. ஆசையை அவவிட்டச் சொன்னன்.

"உங்களுக்கென்ன விசரோ?"

பறந்த நாள்

இன்னும் பறக்கிற மொரான் ஒண்டு மியூசியத்துக்கு வருகுதெண்டு அறிஞ்சு, ராணியைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனன். "பயப்பிடாதை, நான் நிக்கிறன்" எண்டு வழி முழுக்கப் பாடம் எடுத்தன். அது தலைக்கு மேலால தாழ வந்துது. பிறகு பாத்தா, நான் தேத்தண்ணி மேசைக்குக் கீழ குப்புறக் கிடக்கிறன். ராணி வெய்யிலுக்க நிமிந்து நிண்டு கை காட்டுறா, கண்ணெல்லாம் தண்ணி. குனிஞ்சு என்ர கையைப் பிடிச்சா.

"எழும்பி வாங்கோப்பா, போகப்போகுது, ஒருக்காப் பாருங்கோ."

நான் எழும்பி வாறதுக்கிடையில அது மலைக்கு அங்கால போயிட்டுது. திரும்ப எப்ப வருமெண்டு நான் கேட்டுக்கேட்டு இப்ப வெர்னர் என்னைக் கண்டா ஒளிக்கிறார்.