ஒரு குப்பி வெள்ளம்

கேரவன் வண்டி வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். புது வண்டியில் முதல் பயணம் போய் வந்ததும், என்னென்ன பாடம் படித்தாய் என்று கேட்டார்கள். எழுதிப் போட்டேன். சாய்ந்த தரையில் நிறுத்தாதீர்கள், படுத்தால் தலைக்கு ரத்தம் ஏறும். கூரை ஜன்னலை மூட மறக்காதீர்கள், காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும். ஃபிரிட்ஜை ராத்திரி முழுக்க ஓட விட்டால் காலையில் பேட்டரி செத்துக் கிடக்கும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு. எல்லோரும் கைதட்டும் படம் போட்டார்கள்.

ஒன்றை மட்டும் அங்கே எழுதவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் அன்று வண்டிக்குள் நான் மட்டும் இல்லை. என் மனைவி லிஜாவும் இருந்தாள். நான் கேட்டது எல்லாவற்றையும் அவளும் கேட்டாள்.

என் பெயர் ஷிபின். மார்த்தாண்டம் பக்கம் ஊர். ஷார்ஜாவில் வண்டிப் பட்டறை ஒன்றில் பதினொரு வருடம் வேலை பார்த்தேன். ஊருக்கு வந்ததும் புது வேன் ஒன்று எடுத்து, உள்ளே கட்டில், அடுப்பு, எண்பது லிட்டர் தண்ணீர் டேங்க் எல்லாம் நானே பொருத்தினேன். வண்டியின் பின்பக்கம், வெளியே, கால் கழுவ ஒரு குழாயும் வைத்தேன். அதைத் திறந்தால் உள்ளே கட்டிலுக்கு அடியில் இருக்கும் சின்ன பம்பு தானாக ஓடும். ர்ர்ர்… என்று சத்தம் வரும். குழாயை மூடினால் பம்பு நின்றுவிடும்.

போன ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. குற்றாலம் போவதாகத் திட்டம். லிஜா பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் வந்து கிளம்பவே தாமதமாகிவிட்டது. ஆரல்வாய்மொழி தாண்டும்போது மாலை 6:40. காற்று வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளியது. இருட்டில் ஓட்ட வேண்டாம், இங்கேயே தங்கிவிடலாம் என்று ஒரு மண் பாதையில் இறக்கினேன்.

சுற்றிலும் மின்சாரம் எடுக்கிற காற்றாடிகள். எல்லாம் அசுர வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. நாங்கள் நிறுத்திய இடத்துக்கு நாற்பது அடி தள்ளி நின்ற காற்றாடி மட்டும் சுற்றவில்லை. மூன்று இறக்கையும் அசையாமல் நின்றன. கோபுரத்தின் கீழே இருந்த இரும்புக் கதவில் துருப்பிடித்த பூட்டு.

"சத்தம் இல்லாத இடமாட்டு பாத்து நிறுத்திட்டேன்" என்றேன்.

லிஜா சிரித்தாள். தோசை சுட்டுச் சாப்பிட்டோம். பத்து மணிக்கு விளக்கை அணைத்தோம். வண்டி சாய்ந்து நின்றதால் எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள் உடனே தூங்கிவிட்டாள்.

இரவு 11:08.

ர்ர்ர்ர்…

பம்பு ஓடியது. பதினொரு நொடி. நின்றது.

எனக்குப் பயமே வரவில்லை. மெக்கானிக் புத்தி. குழாய் இணைப்பில் எங்கேயோ ஒழுகுகிறது, அதனால்தான் பம்பு தானாக ஓடுகிறது என்று நினைத்தேன். எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். எல்லா இணைப்பும் காய்ந்து கிடந்தது. எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை ஓடுகிறது என்று தெரிந்தால் ஒழுக்கைக் கண்டுபிடித்துவிடலாம். போனில் நேரத்தைக் குறித்துவைத்தேன்.

11:50. மறுபடியும் பதினொரு நொடி.

12:32. மறுபடியும்.

சரியாக நாற்பத்திரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை. ஒரு லிட்டர் பாட்டில் நிறையத் தேவையான நேரம்தான் அந்தப் பதினொரு நொடி.

ஒழுக்கு இப்படி நேரம் பார்த்து ஒழுகாது.

டார்ச்சோடு வெளியே இறங்கினேன். காற்று முகத்தில் அறைந்தது. பின்பக்கம் போனேன். குழாய் மூடித்தான் இருந்தது. அதன் வாயில் மட்டும் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கீழே மண்ணில் ஷூ தடம். அடிப்பாகம் கனமான ஷூ, பட்டறையில் நாங்கள் போடுவது மாதிரி. தடம் எங்கள் வண்டியிலிருந்து கிளம்பி நேராக அந்த நின்றுபோன காற்றாடிக்குப் போனது. பூட்டிய கதவு வரைக்கும் போனது. திரும்பி வந்த தடம் இல்லை.

அப்போது கேட்டது.

டங்… டங்… டங்…

கோபுரத்துக்கு உள்ளே. இரும்பு ஏணியில் யாரோ ஏறுகிற சத்தம். கொஞ்சம் கொஞ்சமாக மேலே போய்க்கொண்டிருந்தது.

வண்டிக்குள் ஓடி வந்து எல்லாக் கதவையும் பூட்டினேன். லிஜா விழித்துவிட்டாள்.

"என்னதுங்க?"

"ஒண்ணும் இல்ல. ஒறங்கு."

நான் பூட்டிய கதவை மறுபடியும் இழுத்துப் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள். பிறகு அவளும் தூங்கவில்லை.

1:12. பின் விளக்கைப் போட்டேன். முன்னால் போய் உட்கார்ந்து, ரிவர்ஸ் எடுக்கப் பார்க்கும் கேமராவைத் திரையில் போட்டேன். குழாய் தெளிவாகத் தெரிந்தது. லிஜா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

1:14.

ஓடி வரும் சத்தம். மூச்சு வாங்கும் சத்தம். ரொம்பத் தூரம் ஓடி வந்தவன் மூச்சு.

திரையில் யாரும் இல்லை.

குழாயின் பிடி மட்டும் மெல்லத் திரும்பியது.

ர்ர்ர்ர்…

தண்ணீர் விழுந்தது. ஆனால் தரைக்கு வரவில்லை. குழாய்க்கு ஒரு சாண் கீழே, அந்தரத்தில், அப்படியே மறைந்தது. எதற்குள்ளேயோ நிறைகிற மாதிரி. பதினொரு நொடி. பிடி மூடிக்கொண்டது. ஓட்டம் திரும்பிப் போனது.

டங்… டங்… டங்…

"கிளம்புவோம்" என்றாள் லிஜா.

சாவியைத் திருகினேன். டக்… டக்… அவ்வளவுதான். ஃபிரிட்ஜ், பின் விளக்கு, பம்பு என்று எல்லாவற்றையும் வண்டி பேட்டரியிலேயே இணைத்திருந்தேன். எஞ்சினைக் கிளப்ப அதில் வலு இல்லை.

எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. கட்டிலுக்கு அடியில் கைவிட்டு பம்பு சுவிட்சை அணைத்தேன். தண்ணீர் கிடைக்காவிட்டால் வராது, போய்விடும் என்று நினைத்தேன்.

அதை நினைத்தால் இன்றும் என்னால் நிம்மதியாகத் தூங்க முடியவில்லை.

1:56.

ஓடி வந்தது. மூச்சு வாங்கியது. குழாய் திரும்பியது. தண்ணீர் வரவில்லை. மூடியது. திறந்தது. மூடியது. திறந்தது. அவசர அவசரமாக.

பிறகு வண்டியின் பக்கவாட்டில் தட்டினார்கள். மெதுவாக. இரண்டே தட்டு.

"அண்ணா… இத்திரி வெள்ளம் கிட்டுமா?"

எங்கள் மேற்குப் பக்கம் குடிக்கிற தண்ணீரை வெள்ளம் என்போம். பாட்டிலைக் குப்பி என்போம், கொஞ்சம் என்பதை இத்திரி என்போம். எங்கள் ஊர்க்காரன் குரல். வயது இருபத்தைந்து இருக்கும்.

"மேல ஆளு கெடக்காரு அண்ணா. நெஞ்சு வலி. ஒரு குப்பி போதும்."

லிஜா கதவுப் பக்கம் நகர்ந்தாள். அவள் கையை இறுக்கிப் பிடித்தேன்.

"குடுப்போங்க" என்றாள். அழுதுகொண்டே. "பாவம். குடுப்போம்."

நான் அவள் வாயைப் பொத்தினேன்.

"அண்ணா… ஒறங்கிட்டியளா?"

நான் பொத்திய கையை எடுக்கவில்லை.

"அண்ணா…"

காற்று.

பிறகு வண்டி ஒரு பக்கமாக லேசாக இறங்கியது. பின் சக்கரத்தில் யாரோ சாய்ந்து உட்கார்ந்த மாதிரி.

அழுகைச் சத்தம்.

சத்தம் போட்டு இல்லை. அடக்கி, அடக்கி…

2:38. குழாய் திரும்பவில்லை.

3:20. திரும்பவில்லை.

அழுகை மட்டும்.

4:05-க்குத் தூரத்தில் ரயில் ஒன்று போனது. அந்தச் சத்தம் அடங்கியபோது அழுகையும் இல்லை. வண்டி தானாக நிமிர்ந்தது.

லிஜா என் கையை உதறிவிட்டுக் குனிந்தாள். பம்பு சுவிட்சைப் போட்டாள். ஜன்னல் பக்கம் முகத்தை வைத்து, "எடுத்துக்கோ மக்கா" என்றாள்.

யாரும் குழாயைத் திறக்கவில்லை.

விடிந்ததும் அந்த வழியாக வந்த டிராக்டர்காரர் வண்டியைத் தள்ளிக் கிளப்பிவிட்டார். சாலையோரம் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். லிஜா தன் டீயை எடுத்துக்கொண்டு என்னை விட்டுத் தள்ளிப் போய் நின்றாள். கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் எங்கள் வண்டி டயரில் இருந்த செம்மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராத்திரி அந்த நின்னுபோன காத்தாடிக்க பக்கத்துலயா கெடந்திய?" என்றார்.

தங்கப்பன் என்று பெயர். அங்கே காவலாளியாக இருந்தவர். நடந்ததைச் சொன்னேன். அவர் குறுக்கே ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எவ்வளவு நேரத்துக்கு ஒருக்க வந்தான்?"

"நாப்பத்திரண்டு நிமிஷம்."

டீ கிளாஸைக் கீழே வைத்தார். "ஏறி எறங்க அவனுக்கு அவ்வளவு நேரம்தான் ஆகும்."

மூன்று வருடத்துக்கு முன்னால், இதே ஆடி. ஜான்ரோஸ், வினோஜ் என்று இரண்டு மெக்கானிக்குகள் பழுது பார்க்க மேலே ஏறினார்கள். ஜான்ரோஸுக்கு ஐம்பது வயது. மேலே போனதும் நெஞ்சு வலி. நகர முடியவில்லை. கொண்டுபோன தண்ணீர் தீர்ந்துவிட்டது. தாகம், தாகம் என்றார். வினோஜ் தண்ணீர் எடுக்கக் கீழே இறங்கி வந்தான்.

"நான்தான் குப்பில நெறச்சுக் குடுத்தேன்" என்றார் தங்கப்பன். "கொஞ்சம் இருந்து மூச்சு விட்டுட்டு ஏறுலேன்னேன். கேக்கல்ல. பாதி ஏணில கை வழுக்கிட்டு. எனக்க காலுக்க முன்னாலதான் வந்து விழுந்தான். மடில தூக்கிப் போட்டேன். உசிரு இல்ல. வாச்சப் பாத்தேன். ஆறு அம்பது."

காற்றின் வேகத்தில் வேறு யாராலும் அன்று ஏற முடியவில்லை. ஆள் வந்து மேலே போனபோது மறுநாள் விடிந்துவிட்டது. ஜான்ரோஸும் இறந்திருந்தார்.

"அதுவரைக்கும் அவரு வாக்கிடாக்கில கேட்டுட்டே இருந்தாரு. வினோஜ் எங்க, வினோஜ் எங்கன்னு. செத்துட்டான்னு எப்படிச் சொல்லது? வாறான், வாறான்னு சொன்னேன். ஏழரைக்கு மேல அவரு கேக்கல்ல. முடிஞ்சுட்டாருன்னு நெனச்சேன்."

குற்றாலம் போகவில்லை. திரும்பிவிட்டோம்.

அடுத்த வாரம் பகலில் தனியாகப் போனேன். பத்துக் குப்பி நிறையத் தண்ணீர் கொண்டுபோய் அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் வைத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தேன். பத்தும் மூடி திறக்காமல் அப்படியே இருந்தன.

ஜான்ரோஸின் வீடு குலசேகரம் பக்கம் என்று தங்கப்பன் சொல்லியிருந்தார். போயே ஆகவேண்டும் என்று லிஜா பிடிவாதம் பிடித்தாள். ஒரு மாதம் கழித்துப் போனோம். அவர் மனைவி ஜெயபாய் எங்களை உட்காரச் சொன்னார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பம்பை அணைத்ததையும் மறைக்கவில்லை. அவர் திட்டவில்லை.

பிறகு உள்ளே போய் ஒரு பழைய போனை எடுத்து வந்தார். அதில் பேசுவதெல்லாம் தானாகப் பதிவாகும்.

"கடைசியா எனக்கிட்ட பேசினது" என்றார். "புத்தி தெளியாம ஒளறிட்டாருன்னு ஆளுவ சொன்னாவ. அதுக்குப் பொறவு நான் யாருக்கும் போட்டுக் காட்டல்ல."

திரையில் அவர் மேலே ஏறிய அந்த நாளின் தேதி இருந்தது. நேரம் இருந்தது. மாலை 7:34.

அழுத்தினார். காற்றின் இரைச்சல். அதற்கு நடுவே இளைத்த குரல் ஒன்று.

"பயப்படாண்டாம் ஜெயா… வினோஜ் இப்பத்தான் வெள்ளம் கொண்டு வந்து தந்தான்… குடிச்சேன்… இப்ப கொஞ்சம் தேவல…"

இருமல். பிறகு அவர் பக்கத்தில் யாரிடமோ ஏதோ சொல்கிறார். அதற்கு ஒரு பதில் வருகிறது. போனுக்குத் தள்ளி, மூச்சு வாங்கிக்கொண்டே.

"நீரு அசையாம கெடயும் அண்ணா. ஒரு குப்பி கூடி எடுத்துட்டு வாறேன்."

டங்… டங்… டங்…

லிஜா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அந்தக் குரலை எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.