மார்னி போட்ட ஒற்றை வரி

என் கணவர் ஆர்வோ கனடாவின் தண்டர் பே துறைமுகத்துத் தானியக் கிடங்கில் மெக்கானிக். மிச்ச நேரமெல்லாம் ஒரு பழைய வைஃபை கார்டுக்குத்தான். அது லினக்ஸில் ஓடத் தேவையான டிரைவர் நிரலைப் பல வருஷமாகச் சம்பளமில்லாமல் கட்டிக் காக்கிறார். என்னைவிட அந்தக் கார்டின் மேல்தான் கரிசனம். எனக்கு வயிறு எரியாதா?

போன மாதம் அவர் வயிறும் எரிந்தது. டிரைடன் என்ற ஊரில் இருக்கும் மார்னி என்கிற பெண் அந்த நிரலுக்கு ஒரு திருத்தம் அனுப்பினாள். ஒரே வரிதான். கணினி எழும்போது கார்டின் சிப்புக்குள் ரெஜிஸ்டர் என்கிற குட்டி நினைவிடம் ஒன்றில் ஓர் எண்ணைப் போட வேண்டும், போடாததால் தன் கார்டு ஊமையாகக் கிடக்கிறது என்றாள். அந்த வரியை வேண்டாத குப்பை என்று கோடையில் தூக்கியெறிந்தவரே ஆர்வோதான். நிரலைப் பார்த்துக்கொள்ளும் இணையக் குழுவில் ஆளாளுக்கு அவளைப் புகழ்ந்தார்கள். ஆனால் ஆர்வோ ஒப்பாமல் எதுவும் நிரலுக்குள் போகாது.

“நேத்து முளைச்சவ எனக்குப் பாடம் எடுக்கறா! என் கார்டு ஜம்முனு ஓடுது. எத்தனை தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டேன்!”

“அவளோடது ஓடலையாமே?”

“அப்போ அவ கார்டு ஓட்டை. நீ யாரு கட்சி?”

மறுப்பை எழுதி, காலையில் அனுப்பலாம் என்று வைத்திருந்தார். விடிந்தால் மைனஸ் முப்பத்தைந்து டிகிரி குளிர். கார் எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டருக்கு நீள வயர் வேண்டும். அது அவர் கணினியில் மாட்டியிருந்தது. பிடுங்கினேன். மனசுக்கு இதமாகவும் இருந்தது.

காபி குடித்துவிட்டுத் திரும்ப மாட்டினேன். கணினி எழுந்தது, வைஃபை எழவில்லை. ஆர்வோ முகத்தில் ஈயாடவில்லை.

“கெயில், பிளக்கையா பிடுங்கின?”

“பின்ன? கார் கிளம்ப வேண்டாமா?”

“நான் இதை அணைச்சதே இல்லடி. ரீஸ்டார்ட் பண்ணா சிப்புல கரண்ட் இருந்துட்டே இருக்கும். கோடைக்கு முன்னாடி அந்த வரி போட்ட பழைய எண் உள்ளயே உக்காந்திருந்திருக்கு. அவ தினமும் அணைக்கறா போல.”

மார்னியின் வரியைச் சேர்த்தார். ஓடியது. மறுப்பை அழித்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்ததை நடந்தபடியே அவளுக்கு எழுதினார். அந்த மட்டில் என் ஆள் நேர்மையானவர்.

மறுநாள் மார்னியிடமிருந்து திருத்தம் திரும்பி வந்தது. அடியில் சோதித்தவர்கள் பெயர்: கெயில், ஆர்வோ. இத்தனை வருஷம் நான் பொறாமைப்பட்ட இடத்தில் என் பெயர்!

“உன் பேரு எதுக்கு எனக்கு முன்னால?”

“முதல்ல பிடுங்கினது யாரு?”

இப்போதெல்லாம் எந்தத் திருத்தம் வந்தாலும் சோதிக்க அந்தப் பிளக்கை அவரேதான் பிடுங்குகிறார். என்னைக் கிட்டேயே விடுவதில்லை.