அப்பாவின் தரவரிசை

தொண்ணூறுகளின் கடைசியில், நான் பிளஸ் டூ முடித்த கோடையில், ஒரு பத்திரிகை பொறியியல் கல்லூரிகளுக்கு ரேங்க் போட்டு வெளியிட்டது. அப்பா அந்தப் பக்கத்தைக் கத்தரித்து, தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்துகொண்டு வந்தார். எங்கள் வீட்டில் ரேஷன் கார்டுக்குக்கூட அந்த மரியாதை கிடையாது. இரும்புலியூரில் எங்கள் தெருவில் அந்த வருடம் கவுன்சலிங் போகவேண்டிய பிள்ளைகள் இருந்த வீடுகளுக்கெல்லாம் அது இரவல் போய், பிரதிகளாகப் பெருகி, எங்களிடமே திரும்பி வந்தது.

நான் அந்தத் தாளைப் பார்த்தாலே வேறு அறைக்குப் போய்விடுவேன். ரேங்க் கண்டு பயந்தேன் என்று நினைக்கவேண்டாம். என் கட்-ஆஃப் மதிப்பெண்ணுக்கு அந்தத் தாளில் எட்டக்கூடிய நல்ல ரேங்க் கல்லூரிகள் எல்லாமே தூரத்தில் இருந்தன. ராத்திரி பஸ் ஏறி, காலையில் இறங்கி, ஹாஸ்டலில் தங்கவேண்டிய ஊர்கள். எனக்கோ வலிப்பு வரும்.

ஒன்பதாம் வகுப்பில் ஆரம்பித்தது. அதன்பின் எப்போதாவது வரும், பெரும்பாலும் வீட்டில். அம்மா என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பீரோ சாவிக்கொத்தைக் கையில் திணிப்பாள். டாக்டர், சாவியால் ஒரு பிரயோஜனமும் இல்லை, மாத்திரையை மட்டும் விடாதே என்றார். அம்மா இரண்டையும் விடவில்லை. வெளியே யாருக்கும் தெரியக்கூடாது என்பது வீட்டின் சட்டம். தெரிந்தால் நாளைக்கு என்னை யார் கட்டிக்கொள்வார்கள் என்று அம்மா அழுவாள். மாத்திரை டப்பாவின் லேபிளைக்கூடச் சுரண்டி வைத்திருந்தாள்.

இப்படிப்பட்ட என்னை, முன்பின் தெரியாத மூன்று பெண்களோடு ஒரே அறையில் போடப்போகிறார்கள். விழுந்தால் கதவைத் திறந்துகொண்டு ஓடுவார்களா, சிரிப்பார்களா, வார்டனிடம் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா?  அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. "இப்பல்லாம் சரியாயிடுச்சு இல்ல?" என்று அவராகவே கேட்டு, அவராகவே தலையாட்டிக்கொள்வார்.

எனக்காக வாய் திறந்தவர் மாமா ஒருவர்தான். அம்மாவின் தம்பி. ரயில் பாதையை ஒட்டி இருந்த ஒரு புதுக் கல்லூரியில் விரிவுரையாளர். அந்தக் கல்லூரி பட்டியலில் அடிவரிசையில், பேருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் மாமா ஆரம்பித்தார். "நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ரேங்க் போட்டவன் ஒருத்தன்கூட எங்க காலேஜ் கேட்டை மிதிக்கல. ஒரு ஃபாரம் வந்துச்சு. லைப்ரரில எத்தனை புக்குன்னு கேட்டிருந்தான். வாத்தியாருங்க எல்லாம் வீட்லேருந்து கொண்டாந்து அடுக்கினோம். அக்காவோட சமையல் புக்கைக்கூட எடுத்துட்டுப் போனேன்."

"அதான் காணோமா?" என்றாள் அம்மா.

"அப்படி அடுக்கியும் கடைசிதானே வந்தீங்க?" என்றார் அப்பா.

மாமாவின் முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் விடவில்லை. "சரி, எங்களை விடுங்க. பாடம் யாரு நல்லா நடத்துறான்னு அதுல இருக்கா? பொண்ணுங்களுக்கு உடம்பு முடியலன்னா யாரு பாத்துப்பாங்கன்னு இருக்கா? கட்டடத்தையும் கம்ப்யூட்டரையும் எண்ணி நம்பர் போடறது ஒரு நியாயமா?"

"மச்சான், பரீட்சையில ஃபெயிலானவன்தான் கொஸ்டின் பேப்பர் சரியில்லன்னு சொல்லுவான். போன வருஷம் எந்தெந்த காலேஜ் முதல்ல நிரம்புச்சோ, அதே ஆர்டர்லதான் இதுலயும் இருக்கு. ஊரு உலகமே முட்டாளா?"

ஊர் உலகத்தின் கையில் இருப்பதும் இதே தாளின் ஜெராக்ஸ்தானே என்று கேட்க நினைத்தேன்.  மாமா சொன்னது அத்தனையும் சரி என்று எனக்குத் தெரியும். கடைசி ரேங்க் வாங்கிய கல்லூரிக்காரர் சொன்னதால் அது எடுபடாது என்பதும் தெரியும். அன்றுதான் எனக்குப் பயம் முற்றியது. இனி என்னைக் காப்பாற்ற யாரும் இல்லை என்று தோன்றிவிட்டது.

கவுன்சலிங் நாளன்று காத்திருப்புக் கூடத்தில் நிற்க இடமில்லை. மேலே டி.வி. பெட்டிகளில் கல்லூரிவாரியாகக் காலி இடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஓர் எண் பூஜ்யமானதும் கூட்டம் மொத்தமும் குனிந்து, கையிலிருக்கும் தாளில் ஒரு கோடு கிழித்தது. அப்பா லேமினேட் தாளின்மேல் ஸ்கெட்ச் பேனாவால் அடித்தார். அது ஒட்டாமல் விரலோடு வந்தது. "பார்த்தியா, லிஸ்ட்ல இருக்கிற மாதிரியே போகுது" என்றார். குரலில் சந்தோஷம் இல்லை.  இங்கேயே விழுந்துவிடுவேனோ என்று சுவரோடு ஒட்டி நின்றேன்.

எங்கள் முறை வந்தது. உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமல், "எந்த காலேஜும்மா?" என்றார். அப்பாவின் விரல் நாங்கள் வீட்டிலேயே முடிவு செய்த கல்லூரிமேல் இருந்தது. இடமும் இருந்தது. நான் பேச வாய் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"சீக்கிரம் சொல்லுங்க, பின்னாடி ஆள் நிக்கிறாங்க."

அப்பா தாளை மேசைமேல் கவிழ்த்தார். "சார், தாம்பரத்துலேருந்து எலெக்ட்ரிக் டிரெய்ன்ல தினம் போய்வர மாதிரி எதுனா கீதா சார்?" என்றார். வீட்டில் நாங்கள் 'இருக்கு' என்பதற்கு 'கீது' என்றால் திட்டுகிற மனிதர் அவர். அவருக்கு எவ்வளவு நடுங்கியிருக்கும் என்று அந்த ஒரு சொல்லில்தான் எனக்குத் தெரிந்தது.

இருந்தது. மாமாவின் கல்லூரி.

தாளை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தோம். திரும்பும் ரயிலில் கிண்டி தாண்டியதும் அப்பா சொன்னார்: "நல்ல காலேஜ்ல போட்டுட்டா எல்லாம் சரியாயிடும்னு நினைச்சுட்டிருந்தேம்மா. உள்ள போனதும் பயந்துட்டேன்." நானும் பயந்தேன் என்றேன். 

தெருவில் அப்பாவை நார்நாராய்க் கிழித்தார்கள். அந்த மார்க்குக்கு இந்தக் காலேஜா, ஹாஸ்டலுக்குச் செலவழிக்க மனசில்லையா என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். உண்மையைச் சொல்ல முடியாதே. "ஆமா சார், ரேங்க் கம்மிதான்" என்று அசட்டுச் சிரிப்போடு நகர்ந்துவிடுவார்.

முதல் வருடத்திலேயே, கல்லூரி நூலகத்தில் எனக்கு வந்துவிட்டது. கண்விழித்தபோது தரையில் ஒருக்களித்துக் கிடந்தேன். வகுப்புப் பெண்கள் சுற்றி நின்றார்கள். ஒருத்தி என் முகத்திலும் தலையிலும் ஒரு குடம் தண்ணீரையாவது கொட்டியிருப்பாள். கையில் ஏதோ உறுத்தியது. நூலகப் பீரோக்களின் சாவிக்கொத்து. இத்தனை வருடம் ஒளித்துவைத்தது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் ஓடவில்லை. நான்தான் அவமானத்தில் கண்ணை மறுபடி மூடிக்கொண்டேன்.

மாமா கல்லூரி ஆபீஸிலிருந்து, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலைக்கு போன் போட்டிருக்கிறார். யாரோ என் தோளைத் தொட்டபோது கண் திறந்தேன். தொழிற்சாலை யூனிஃபார்மோடு, மூச்சு வாங்க, அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். கைக்குட்டையை எடுத்து என் தலையைத் துவட்டினார். அவர் வந்து சேர்ந்தபோதுகூட அது காய்ந்திருக்கவில்லை; அவ்வளவு சீக்கிரத்தில் வந்துவிட்டார்.